பக்கத்து வகுப்பு வாத்தியாரின் தொண்டை

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் நான் மலாய் நாட்டு ஊரான காஜா பேராங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நீளமான ஒரே கூடத்தில் இரண்டு வகுப்புகள். நடுவில் தடுப்பு கிடையாது. பக்கத்து வகுப்பு வாத்தியார் வாய்ப்பாட்டை முழங்குவார். அவரை மீறி என் பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமே என்று நான் கத்துவேன். இரண்டாம் தவணையில் என் குரல் சுத்தமாகப் போய்விட்டது. அந்த மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது என்றார் டாக்டர். எனக்குப் பதிலாக வர ஆள் இல்லை. கரும்பலகையில் எழுதியும் மேசையைத் தட்டியும் வகுப்பை ஓட்டினேன். வெள்ளிக்கிழமை அந்த வாத்தியார் ஒரு பொட்டலம் கற்கண்டோடு வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க பேசாத இந்த ஒரு வாரமா எனக்குத் தொண்டை வலியே இல்ல. வீட்ல கூட கேட்டாங்க லா, குரல் தெளிஞ்சிருச்சேன்னு."

பதில் சொல்லக் குரல் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பிறகு லண்டனில் பேச்சு சிகிச்சை படித்தேன். குரல் கோளாறுகளை ஆராய்வதும் அவற்றைப் பற்றிக் கற்பிப்பதுமே என் வேலையானது. அதில் எனக்குக் குறையே இல்லை. யார் வந்தாலும் தொண்டையைப் பார்ப்பதற்கு முன், "யாரை மீறிப் பேசுறீங்க?" என்று கேட்டு, பதிலை நோட்டின் முதல் வரியில் எழுதுவேன். இந்தக் கேள்வியை எங்கே படித்தீர்கள் என்பார்கள் மாணவர்கள். காஜா பேராங்கில் என்பேன். அந்த வாத்தியார் என்னிடம் வைத்தியத்துக்கு வந்திருந்தால் முதல் வரியில் என் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை.