நாத்தனார் ஏறிய மேடை

என் கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க மிக்சிகள் இருந்தன. அவர் கடைத்தெருவில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தார். வாடகைக் கடை என்பதால் அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், அங்கிருந்த சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சுவரோரமாக அடுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சாமான்களுக்கு உரியவர்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். சாவு எப்படி நடந்தது என்று முதலில் கேட்பார்கள். கடையில் மத்தியானம் நெஞ்சு வலி வந்தது, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார் என்று நான் சொல்வேன். பிறகு மெல்ல, "தப்பா நெனைச்சிக்காதீங்க டீச்சர், எங்க மிக்சி ஒண்ணு..." என்பார்கள். ஒரு அம்மாள் பழக்கதோஷத்தில், "ரெடி ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரியலம்மா, எடுத்துக்கினு போங்க" என்றேன். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அழுகை வரவில்லை என்பதுதான் அப்போது எல்லோருக்கும் கவலையாக இருந்தது. கூரத்திலிருந்து வந்திருந்த என் அக்கா இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "அழுதுடுடி" என்று கெஞ்சினாள். எனக்கு அதில் பிடிவாதம் எதுவும் இல்லை. உடம்புக்குள் யாரோ மெயின் சுவிட்சை இறக்கி வைத்துவிட்டது போல இருந்தது, அவ்வளவுதான். நான் கணக்கு டீச்சர். ஆண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தி முடித்தேன். ஒரு கூட்டல்கூடப் பிசகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

இந்த நிலையில்தான் என் நாத்தனார் வந்து கோடை விழாவைப் பற்றிப் பேசினாள்.

அவள் என் கணவருக்குக் கடைசித் தங்கை. பட்டுப் புடவைக் கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக வெகுகாலம் இருந்தவள். நாள் முழுக்கப் புடவையைப் பிரித்துக் காட்டி மடித்து வைப்பதுதான் வேலை. அந்த வேலையிலிருந்து அவள் கற்றுக்கொண்டு வந்தது மனிதர்களின் குரல்களை. கல்யாணப் புடவை எடுக்க வந்த மாமியார், அந்த மாமியாருக்குப் பயந்து எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லும் மருமகள், ஐம்பது புடவையைப் பிரிக்க வைத்துவிட்டு "வேற என்னாமா இருக்குது?" என்று கேட்கும் சென்னைக்காரி என எல்லோரையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். நானும் என் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். என் கணவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்குச் சிரிக்கத் தெரியாது என்றில்லை. ஒரு குரலைக் கேட்டால், அதில் எங்கே இரைச்சல் வருகிறது என்றுதான் அவர் காது முதலில் பார்க்கும்.

எங்கள் ஊரில் மே மாதம் நடக்கும் அந்த விழாவுக்கு ஒரே விதி. பெயர் கொடுத்தால் மேடை உண்டு. யாரும் உங்களைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, வேண்டாம் என்று தள்ளுவதும் இல்லை. பள்ளிக்கூட மைதானம், முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம், சாயப்பட்டறைக்குப் பக்கத்துக் காலி மனை என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் விளக்குக் கட்டிவிடுவார்கள். குழந்தைகள் பரதம் ஆடும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் பழைய பாட்டுப் பாடுவார். தறிக்காரர்கள் சேர்ந்து நாடகம் போடுவார்கள். காமெடிக்குத்தான் கூட்டம் அதிகம். ஒருவர் பேசியதற்கு யாருமே சிரிக்காவிட்டாலும் அவருக்கு உரிய நேரம் முடியும்வரை மைக்கை யாரும் பிடுங்க மாட்டார்கள். நாத்தனார் வருடா வருடம் அதில் புடவைக் கடையைச் செய்வாள். ஒவ்வொரு வருடமும் அண்ணனிடம் ஒன்று கேட்பாள். "இந்த வாட்டி உன்னைய பண்ணட்டுமா?" அவர் தலை நிமிராமலே, "என்னைய வெச்சிக் காமெடி பண்ணாத. அப்பறம் ஒருத்தன் கடைக்கு வர மாட்டான்" என்பார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருடம் அவள் முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தாள். அண்ணன் இறந்ததால் எடுத்துவிட்டிருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூத்தார் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் உள்ளே வந்து, சுற்றி வளைக்காமல் என்னிடம் சொன்னாள்.

"அண்ணி, நான் நாளைக்கி மேடை ஏறலாம்னு இருக்கறேன். அண்ணனத்தான் பண்ணப் போறேன்."

மூத்தாருக்கு முகம் கறுத்துவிட்டது. "உனுக்குப் பைத்தியமா? காரியம் முடிஞ்சி எத்தினி நாளாச்சி? தாலி இழந்தவ ஊட்ல உக்காந்துக்கினு இருக்கறா, நீ ஊர் முன்னாடி நின்னு இளிப்பியா?"

"நான் இளிக்கப் போறதில்லண்ணா."

"உயிரோட இருக்கச் சொல்லவே வேணாம்னு சொன்னான் இல்ல?"

"சொல்லிச்சு. இப்ப இருந்தாலும் திட்டத்தான் திட்டும்" என்றாள் நாத்தனார். "திட்றதுக்காச்சும் வரட்டுமேண்ணா."

மூத்தார் எழுந்துவிட்டார். "நீ ஏறினீன்னா எனுக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதைச் செய்கிறவர் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். நாத்தனார் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க வேணாம்னா போகல அண்ணி." எனக்கு அப்போது வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. சாயங்காலம் பால் வாங்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது. "போயிட்டு வாம்மா" என்றேன்.

பள்ளிக்கூட மைதானம் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான். வீட்டை விட்டு நான் வெளியே போகக்கூடாத நாட்கள் அவை. ஆனால் ஒலிபெருக்கிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சமையலறை ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் உள்ளே வந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கல்லூரியில் அப்போதுதான் ஒரு வருடம் முடித்திருந்த என் மகள் கூடத்தில் போனைப் பார்த்தபடி இருந்தாள். முதலில் நாத்தனாரின் சொந்தக் குரலில் வணக்கம் வந்தது. பிறகு அது நின்றது. தொண்டையைச் செருமும் சத்தம். அதற்குப் பிறகு வந்தது அவருடைய குரல்.

மிக்சியைக் காதோரம் பிடித்துக் குலுக்கிவிட்டு, பெருமூச்சு விட்டு, "யாரு இதுல முன்னாடி கை வெச்சது?" என்று கேட்கும் அந்தக் குரல் ஊருக்கே தெரியும். கூட்டம் சட்டென்று அடையாளம் கண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று ஒரு நொடி தயங்கியதுகூட எனக்குக் கேட்டது. பிறகு அவள் சொன்ன கதையில் படிக்காத பையனை ஒரு அம்மா கடைக்குக் கூட்டி வருகிறாள். பையனைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்க்கிறார். "யாரும்மா இதுல முன்னாடி கை வெச்சது?" "டியூஷன் சாருங்க." "அதான். மோட்டார் காயில் எரிஞ்சிடுச்சு." இப்போது கூட்டம் தயங்கவில்லை.

அடுத்தது ஆஸ்பத்திரி. அங்கே அவர் நர்ஸிடம் சொன்னதைக் கேட்டவர்கள் நாத்தனாரும் நானும்தான். "சிஸ்டர், என்னைய வுடுங்க. இந்த மிஷினு உள்ள ஃபேன் சத்தம் போடுது பாருங்க, பேரிங் போயிருக்குது. கொஞ்சம் எழுப்பி உக்கார வையுங்க, நானே பாத்துக் குடுத்துடறேன்." மைதானம் அதிர்ந்தது. அது நடந்த விஷயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொன்ன மறுநாள் அவர் போய்விட்டார்.

நான் அரிசியை உலையில் போட்டேன். ஒலிபெருக்கியில் செருப்பைக் கழற்றி உதறும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கடையிலிருந்து வந்ததும் தினமும் கேட்பது போலவே, அலுப்பும் பசியும் கலந்த அதே இழுப்போடு, "டீச்சர்... சோறு ஆயிடுச்சா?" என்றது.

"ஆயிடுச்சி, கை கழுவிக்கினு வாங்க" என்றேன் நான்.

சத்தமாகவே சொன்னேன். சொன்ன பிறகு ஒரு தட்டைக்கூட எடுத்துவிட்டிருந்தேன். மைதானத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அம்மா, அது அத்தைமா" என்றாள். "தெரியும்" என்று சொல்லித் தட்டைத் திரும்ப வைத்தேன். அப்போது ஏதாவது உடைந்திருக்க வேண்டும். நானும் நின்று பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. சோறு கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது.

நாத்தனார் மேடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். முகத்தில் பவுடர் வேர்வையில் திட்டுத் திட்டாக இருந்தது. அண்ணனுடைய காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலேயே போட்டிருந்தாள். அதை எப்போது எடுத்துப் போனாள் என்று எனக்குத் தெரியாது. "கேட்டுச்சா அண்ணி?" என்றாள். கேட்டது என்றேன். "திட்டணும்னா திட்டிடுங்க."

"இன்னொரு தடவ கூப்புடு" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. நிமிர்ந்து நின்றாள், தொண்டையைச் செருமினாள். "டீச்சர்" என்றாள். அவள் குரல்தான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். மூன்றாவது முறை பாதியிலேயே அழுகை முந்திக்கொண்டது. "வர மாட்டேங்குது அண்ணி. அங்க வந்துச்சே, இங்க வர மாட்டேங்குதே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மகளும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் இருவருக்கும் சோறு போட்டேன்.

மூத்தார் சொன்னபடியே செய்தார். அவருடைய பெண் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, நாத்தனாருக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு வருடமும் மேடை ஏறவில்லை. அண்ணனைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக இன்னொரு அண்ணனை இழந்தாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தன் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் அவளும் அங்கே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். உடம்பு, மழை, மருமகள் சமையல் என்று பேசுவோம். அந்தச் சாயங்காலத்தை மட்டும் இருவரும் தொடுவதில்லை.

இந்த மே மாதம் அவள் வந்திருந்தாள். விழாவுக்குப் போகலாமா என்று நான்தான் கேட்டேன். இப்போது மைதானம் நிறையப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடையில் ஒரு பெண் தன் ஆபீஸ் மேனேஜரைப் பற்றிப் பாதி ஆங்கிலத்தில் பேசினாள். நாத்தனார் கைகொட்டிச் சிரித்தாள். மறு நிமிடமே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். முடியும்வரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். கூட்டம் கலைந்து ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது கேட்டாள்.

"அண்ணி, அன்னிக்கி நீங்க அழுவவும் இல்ல, திட்டவும் இல்ல. அதான் எனுக்குப் பயமாயிடுச்சு. அதுக்கப்பறம் ஏற முடியல. தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லம்மா."

"அப்பறம் எப்பத்தான் அழுதீங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். மகள் கல்யாணம், கடையைக் காலி செய்து சாவி கொடுத்த நாள், வருடா வருடம் வரும் திதி என ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

"இன்னும் வரலம்மா" என்றேன்.

ஆட்டோ வந்தது. முதலில் என்னை ஏற்றிவிட்டு, பிறகு அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.