நடுவில் வெட்டுப்பட்ட ஏழாவது கதை

எண்பத்து நான்காம் ஆண்டு நான் புளியங்கூடலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். கூடவே வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கும் படித்தேன். ஊர்காவற்றுறையில் இன்னொரு பள்ளிக்கூடத்து ஆசிரியையும் அதே பரீட்சைக்குப் பதிந்திருந்தாள். கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பெண். என் வயதுதான். கலியாணம் கட்டிப் போன இடத்திலும் கடல்தான். வாய் ஓயாது, கையும் ஓயாது. சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி, சுருவிலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். குசினிக்குப் பக்கத்து அறையில் இரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை படிப்போம்.

எங்களை வாட்டியது ஒரு வினாத்தாள். பழைய ஆங்கிலச் சிறுகதைகளின் நடையை ஆராய வேண்டும். கதையில் என்ன நடந்தது என்று எழுதினால் புள்ளி இல்லை. அதை எழுதியவர் எப்படிச் சொல்லியிருக்கிறார், வசனம் எங்கே நீள்கிறது, எங்கே அறுகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று காட்ட வேண்டும். அதற்கான தொகுப்பு எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் கொழும்பிலிருந்த என் அண்ணன் தேடிப் பிடித்து ஒரு பிரதி அனுப்பினார். ஒன்றே ஒன்று. பரீட்சைக்கு இரண்டு மாதமும் இல்லை.

ஒரு கிழமை அவளிடம், மறு கிழமை என்னிடம் என்று பார்த்தோம். சரிவரவில்லை. புத்தகம் கையில் இல்லாத கிழமை சும்மா போனது. மூன்றாம் சனிக்கிழமை அவள் பையிலிருந்து ஒரு சவரப் பிளேட்டை எடுத்தாள்.

"வெட்டுவம்."

"எதை?"

"புத்தகத்தைத்தான். ஆளுக்குப் பாதி. இரண்டு கிழமையிலை மாத்துவம்."

"உமக்கென்ன விசரே? புதுப் புத்தகமப்பா!"

"புதுசாய் வைச்சிருந்து பெயில் விடுறதோ?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாள்கட்டுகள் சேரும் இடமாகப் பார்த்து அவள் முதுகோடு அறுத்தாள். அந்த இடம் ஏழாவது கதையின் நடுவில் விழுந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. பின்பாதி எனக்கு வந்தது.

அன்று பின்னேரமே தொடங்கினேன். முதற் பக்கத்திலேயே ஒரு பெண் தனியே ஓர் அறையில் இருந்தாள். அவள் மடியில் ஓர் ஆணின் கோட். கத்தரிக்கோலால் தையலை வெட்டினாள். நூலை இழுத்தாள். கையைப் பிரித்தாள். நாலு பக்கமும் இதுதான். எல்லாம் குட்டி வசனங்கள். ஒரு நிறம் இல்லை, ஒரு மணம் இல்லை. அவள் மனதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்குக் குளிர்ந்தது. வினைச்சொற்களைப் பட்டியலிட்டு, எல்லாம் அழிக்கும் சொற்கள் என்று எழுதினேன். பழிவாங்குகிற பெண்ணை இரக்கமில்லாத நடையில் காட்டும் கதை என்று முடிவும் எழுதி வைத்தேன். கதையின் முன்பாதியை வாசிக்காமலே முடிவு எழுதுகிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. எழுதியது அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளும் ஏழாவது கதைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தாள். நீண்ட வசனங்கள், துணியின் நிறத்துக்கே ஏழெட்டுப் பெயரடைகள், கொஞ்சும் நடை என்று இருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"நீர் வேறை கதை வாசிச்சனீரோ?"

"அதை நான் கேட்கவேணும். இதிலை எங்கையப்பா இரக்கமில்லாமல் கிடக்கு?"

"அந்தாளின்ரை கோட்டைத் துண்டு துண்டாய் வெட்டுறாள். இதைவிட என்ன வேணும்?"

"வெட்டுறாளோ? ஏன் வெட்டுறாள்? அவள் ஆசையாய்த் தைச்சுக் குடுத்த கோட்டெல்லோ?"

இரண்டு பாதிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவள் முதலிலிருந்து உரத்து வாசித்தாள். கதையில் வரும் பெண் தையற்காரி. ஒருவன் கோட்டுக்கு அளவு கொடுக்க வருகிறான். அவன் வரும் பக்கங்களில் வசனங்கள் நீண்டு, ஒன்றோடொன்று கைகோர்த்துப் போயின. பிறகு அவள் தைத்த கோட்டை அவன் போட்டுப் பார்க்கிறான். தோளில் இறுக்கமாக இருக்கிறது என்கிறான். தன் கலியாணத்துக்குத்தான் இது என்றும், பெண் பக்கத்து ஊர் என்றும் சொல்கிறான். அந்த இடத்தோடு அவளுடைய பாதி முடிந்தது.

நான் என் பாதியைத் தொடர்ந்து வாசித்தேன். தையலை வெட்டினாள். நூலை இழுத்தாள். கையைப் பிரித்தாள். அதுவரை அவனுடைய கோட் என்று வந்தது, என் பாதியின் முதல் வசனத்துக்குப் பிறகு வெறும் 'அது' ஆகியிருந்தது.

"பாத்தீரோ, அழிக்கிறாள்தானே?" என்றேன். ஆனால் என் குரலில் முந்திய உறுதி இல்லை.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பெருநாளுக்குப் பெருநாள் வீட்டுப் பிள்ளைகளின் சட்டைகளை எல்லாம் தானே தைப்பவள் அவள்.

"தோள் இறுக்கமெண்டு அவன் சொன்னவனெல்லே? பிரிக்காமல் எப்பிடியப்பா பெருப்பிக்கிறது? அவள் அவனுக்குச் சரிக்கட்டிக் குடுக்கிறாள். மற்றவளைக் கட்டப் போறவனுக்கு."

கடைசிப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஊசியில் நூல் கோக்கிறாள் என்று இருந்தது. ஒரு கிழமையாக அதைத் திரும்பத் திரும்ப வாசித்தும் எனக்கு அது தெரியவில்லை. நான் எழுதிய வினைச்சொல் பட்டியலில் ஒன்றும் பிழையில்லை. எண்ணிக்கை சரி, குட்டி வசனம் என்றதும் சரி. அவற்றை வைத்துச் சொன்ன தீர்ப்புத்தான் முழுப்பிழை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கதை உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நான் முதன்முதலாய்க் கண்டது அன்றைக்குத்தான். ஒழுங்காக ஒரே புத்தகத்தில் வாசித்திருந்தால் அழுதுவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பேன்.

அதன்பின் ஒவ்வொரு கதையையும் அப்படியே பிரித்தோம். ஒருத்தி நடுவிலிருந்து வாசித்து ஊகிப்பாள், மற்றவள் தொடக்கத்தைச் சொல்லி அதை உடைப்பாள். எங்கள் சத்தம் கேட்டு அம்மா ஒருநாள் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளையள், சண்டையே?"

"இல்லை அம்மா, படிக்கிறம்" என்றாள் அவள்.

பரீட்சை யாழ்ப்பாணத்தில் நடந்தது. நாங்கள் அறியாத ஒரு கதையிலிருந்து ஒரு துண்டைத் தந்திருந்தார்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இந்த வசனங்கள் கோபம் போல இருக்கின்றன, ஆனால் முன்பகுதி தெரியாமல் அப்படித் தீர்க்க ஏலாது என்று துணிந்து எழுதிவிட்டேன். வெளியே வந்து கேட்டால் அவளும் அதையேதான் எழுதியிருந்தாள். இருவரும் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு, பண்ணைப் பாலத்தால் வந்த பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டே வீடு திரும்பினோம். வழி முழுக்கச் சிரிப்பு.

இருவரும் சித்தியடைந்தோம். அந்த வினாத்தாளில் அவளுக்கு என்னைவிட ஒரு படி கூட. அது நியாயம்தான் என்று அன்றைக்கே அவளிடம் சொன்னேன்.