காஞ்சனாவின் வாயை நான் பார்க்கவில்லை

பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதினேன். அதுவும் ஒரு பெண்ணின் வாயை! மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கடலூர் செம்மண்டலத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மீசை எடுத்துவிட்டு, என் மீசையை எடுக்க ஆள் தேடுகிற ஜன்மம். நூல் இழுக்கும்போது வலி தெரியாமலிருக்க ஜோக் சொல்வேன். அதுதான் என் கைராசி என்பார்கள்.

ஒரு நாள் ஒரு நர்ஸம்மா வந்தார். நரிக்குறவர் குடியிருப்புப் பெண்கள் ஆஸ்பத்திரி என்றாலே தயங்குகிறார்களாம், அங்கே ஒதுக்கி நிற்கவைக்கிறார்களாம். பார்லர் என்றால் ஆசையாக வருவார்கள் என்றார். புதன்கிழமை மதியம் அவர்களுக்கு இலவசமாகப் புருவமும் மேலுதடும் எடுத்துவிட வேண்டும். முடிந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலரும் புகையிலை போடுகிறவர்கள். ஏதாவது தெரிந்தால் சீட்டு எழுதி அவரிடம் அனுப்ப வேண்டும். அட்டையில் 'வாய் பார்த்தேன்' என்று ஒரு கட்டம். அதில் ஒரு டிக்.

பெருமையாக ஒப்புக்கொண்டேன். ஃபோட்டோ எடுத்தார்கள். அதில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்...

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். என் முகத்துக்கும் எதிரே இருப்பவள் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பேங்க் மேனேஜர் வீட்டம்மா வெங்காய வாடையோடு வந்து உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் செய்யாது. இவர்களுக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தனித் துண்டு வைத்தேன். தனிச் சீப்பு வைத்தேன். சுத்தம் என்று பெயர் சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கு நாள் முழுக்க ஒரே சீப்புதான்!

காஞ்சனா பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்பவள். ஐந்தாவது புதனன்று வந்தாள். கண்ணாடியில் தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலுதடு முடிந்ததும், நான் சொல்லாமலே வாயைத் திறந்தாள்.

"கன்னத்துக்குள்ள எரியுதுக்கா. கொழம்பு பட்டா உசுரு போவுது. செத்த பாரேன்."

புகையிலை வாடை முகத்தில் அடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டடி தள்ளி நின்று, டார்ச்சை அவள் பக்கம் நீட்டி, கண்ணைச் சுவர்க் கடிகாரத்துக்குத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஜோக் சொன்னேன்.

"மூடும்மா. விட்டா எனக்கே பாசிமணி வித்துருவ."

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். காஞ்சனாவும் சிரித்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. அப்புறம் மெதுவாக, ஒன்றும் இல்லையா என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. காரத்தக் கொற."

டிக் போட்டேன். நல்ல அழகான டிக்.

போன ஆனித் தேருக்குச் சிதம்பரம் போயிருந்தேன். கீழ வீதியில் தரையில் மணி பரப்பியிருந்த ஒருத்தி கையாட்டினாள். காஞ்சனா! முகத்தின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. புற்று என்று தாடையில் பாதியை எடுத்துவிட்டார்களாம். பேச்சு குழறியது. கடைவாயில் வழிந்ததைத் துணியால் ஒற்றிக்கொண்டே பேசினாள். எனக்கு... சொல்லவே கூசுகிறது... அப்போதும் குமட்டியது. அவளைக் கண்டா? என்னைக் கண்டா?

பக்கத்தில் அவள் தங்கை. நான் யார் என்று தெரிந்ததும் முறைத்தாள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் தாடை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நீ பாத்துட்டுத்தானே ஒண்ணுமில்லன்ன என்று என்னைக் கேட்டாள்.

காஞ்சனா முந்திக்கொண்டாள்.

"அக்கா பாத்தப்ப இல்லடி. லைட்டு அடிச்சுப் பாத்துச்சு. அப்பறமாத்தான் வந்துருக்கு. இல்லக்கா?"

நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. உண்மையும் வரவில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் எழுந்து, ஒரு பாசிமணியை எடுத்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, என் கழுத்தில் தானே கட்டிவிட்டாள். முடிச்சுப் போடும்போது அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.