ஏசி வேண்டாம் என்ற பாடகி

துபாயில் நான் வாடகை வண்டி ஓட்டிய ஒரு கோடையில், பர் துபாயிலிருந்து அல் கூஸுக்கு ஒரு பாடகியைத் தினமும் ஏற்றிச் சென்றேன். நாகர்கோவில் பெண். கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு. முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு ஏசியைப் போடவே விடமாட்டாள். வெளியே அனல் பறக்கும். நான் வியர்வையில் ஊறி, மனதுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டுவேன்.

"குளிர்காத்து பட்டா தொண்டை காஞ்சிரும் அண்ணே. உச்சத்துல குரல் நிக்காது."

அல் கூஸில் ஒரு கிடங்கில் ஓபரா என்ற மேல்நாட்டு இசைநாடகத்துக்கு ஒத்திகை. இருநூறு வருடத்துக்கும் முந்தையதாம். பல இசையமைப்பாளர்கள் பங்குபோட்டு எழுதியதாம். அதில் இவளுக்கு ஒரே ஒரு தனிப்பாட்டு.

"ஒண்ணு இருக்குல்லா, போதும்மா," என்றேன்.

"பலபேரு எழுதினதுல்லா அண்ணே. ஒரு பாட்ட எடுத்துட்டாலும் கதைக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் விசா போயிரும்."

கடைசி ஒத்திகையைக் கதவோரம் நின்று கேட்டேன். அவளுக்காக ஏசியை நிறுத்தியிருந்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் யாரிடமோ உயிருக்குக் கெஞ்சுவதுபோல அந்தக் குரல் மேலே மேலே ஏறியது. உச்சத்தைத் தொடுவதற்குள், நேரம் நீள்கிறது, இந்தப் பாட்டு வேண்டாம் என்று இயக்குநர் கையை உயர்த்தினார். அவள் நிறுத்தவில்லை. யாரோ ஏசியைப் போட்டார்கள். அந்த இரைச்சலில் அவள் வாய் மட்டும் அசைந்தது.

திரும்பும்போது துண்டைச் சுருட்டிப் பையில் வைத்தாள். பிறகு தானே ஏசியை முழுதாகத் திருகி, காற்றைத் தன் தொண்டைக்கு நேராகத் திருப்பிவைத்தாள்.

பர் துபாய் வரும்வரை குளிரில் விறைத்தபடியே ஓட்டினேன். ஏசிப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.