பொய் சொல்லாதவரின் மதிப்பெண்

பென்சிலை அவர் எழுதுகிறவர் மாதிரி பிடிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் போல முஷ்டிக்குள் பிடித்திருந்தார். எங்கள் ஃபோர்மேனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கைதான். சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் கம்பெனி, ஃபோர்மேன்கள் ஆறு பேரை மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றுக்கு அழைத்துப்போய், காலையில் மனோதத்துவமும் மதியம் மீன் வறுவலும் பரிமாறியது. ஆறு பேரில் ஒருவர் ஷிப்ட் இன்சார்ஜ் ஆவார். அந்தப் பதவிக்கு ஒரு நாற்காலி உண்டு. பெயின்ட் பிரிவில் இருபது வருடம் நின்றே வேலை பார்த்த எங்கள் ஃபோர்மேனுக்குப் பதவியைவிட நாற்காலிதான் வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருடம் நின்றால் முழங்கால் தாங்காது என்று டாக்டர் எழுதியிருந்தார். பர்சனல் பிரிவு குமாஸ்தாவான எனக்கு அது தெரியும். ஃபைல் என் மேஜையில்தான் இருந்தது.

அதற்கான குணத் தேர்வுத் தாளைத் தமிழாக்கியதும் நான்தான். எவன் கையில் தடித்த புத்தகம் இருக்கிறதோ அவன் தலையில்தான் இப்படிப்பட்ட வேலை விழும். ஆர்வக்கோளாறில் அந்தத் துறையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு கோட்பாடு மனிதனின் குணத்தை ஐந்தாகப் பிரிக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் கடுகு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம். இன்னொன்று ஆயுளைப் பேருந்துத் தடம்போல நிறுத்தம் நிறுத்தமாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் ஏறிக்கொள்ளும், அதை அங்கேயே இறக்கிவிடாவிட்டால் கடைசிவரை நம் மடியில் உட்கார்ந்து வரும். படித்த சூட்டோடு என் மனைவியை அளந்து பார்த்தேன். அவள் திருப்பிப் பார்த்த பார்வைக்கு ஆறாவதாக ஓர் அறை தேவைப்பட்டது.

நூறு வாக்கியங்களுக்கு நடுவே நாலு பொறிகள் இருந்தன. நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை, யார்மீதும் எனக்குப் பொறாமை வந்ததில்லை, இந்த மாதிரி. இவற்றுக்கு ‘ஆம்’ போடுகிறவன் தன்னை மறைக்கிறான், அவனுடைய மற்ற விடைகளையும் நம்பக்கூடாது என்பது கணக்கு. விடைக்குறிப்பைப் பார்த்தவர்கள் தேர்வு நடத்த வந்த பயிற்சியாளரும் நானும் மட்டுமே. வெளியே சொல்லக்கூடாது என்றார் அவர்.

ஃபோர்மேன் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்ததால், வாசித்து, குறிக்கும் இடத்தைக் காட்ட என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

“அடிக்கடி கோபம் வருமா?”

“நீ இப்படி ஒண்ணொண்ணா கேட்டுகினு இருந்தா வரும். போட்டுக்கிறேன்.”

“தனியா இருக்கப் பிடிக்குமா?”

“எங்க? கடல்லயா, வூட்லயா?”

“பொதுவா.”

“பொதுவான்னு ஒரு எடம் எங்க நைனா கீது?”

அந்தக் கோட்பாடுகளுக்கு எதிராகப் பிறகு நான் படித்த எந்த வாதமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. முதல் பொறி வந்தது. வாசித்தேன். பென்சில் நின்றது.

“இத்த இன்னாத்துக்கு கேக்குறான்?”

“மனசுல பட்டதைப் போடுங்கண்ணே.”

“மனசு கெடக்கட்டும். நான் பொய் சொல்றவன்னு கம்பெனிப் பேப்பர்ல நானே எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு ஒரு ஸ்ப்ரே கன்னு காணோம்னா மொதல்ல இந்தப் பேப்பரத்தான் தூக்குவானுங்க.” என் முகத்தையே பார்த்தார். “நீ எதனா மறைக்கிறியா?”

“நான் என்னண்ணே மறைக்கப் போறேன்?”

‘ஆம்’ என்று அழுத்திக் குறித்தார். நாலு பொறியிலும்.

நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது என்று அறிக்கை வந்தது. பொய் சொல்வேன், பொறாமைப்படுவேன் என்று கூசாமல் ஒப்புக்கொண்ட வேறொருவருக்கு நாற்காலி போனது. எங்கள் ஃபோர்மேன் ஒன்றரை வருடம் நின்றார். பிறகு நிற்க முடியாமல் சதுரங்கப்பட்டினத்தில் வீட்டோடு இருந்துவிட்டார்.

ஏன் சொல்லவில்லை? ரகசியம் காத்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிவந்தேன். ஆனால் தேர்வுக்கு முந்தைய மாதம் கேன்டீனில், “நம்ம படிப்பாளி சோத்துல கல்லு இருந்தாகூட புக்கப் பாத்துதான் துப்புவாரு” என்று அவர் சொல்ல, மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அந்த அதிகப்படிச் சிரிப்பின்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று. அன்று அவருக்கிருந்த வயது. இந்த நிறுத்தத்தில் மனிதன் திரும்பிப் பார்ப்பான் என்கிறது புத்தகம். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார். விடைக்குறிப்பு, பொறி, கேன்டீன், எல்லாவற்றையும் சொல்லி, மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். முழுக்கக் கேட்டார்.

“இத்தினி வருசம் கழிச்சி இப்ப இன்னாத்துக்கு சொல்ற?”

“மனசு கேக்கலண்ணே.”

“ஒடம்பு எதனா சரியில்லையா உனக்கு?”

“நல்லா இருக்கேன்.”

“அப்ப பொண்ணு கல்யாணம். பத்திரிக வைக்க வந்த. நேரா நீட்ட வெக்கமா கீது, அதான் பழசப் பேசிக்கினு கீற. அந்தப் பையில இன்னா?”

பையில் மகளின் கல்யாணப் பத்திரிகை இருந்தது, மூலையில் மஞ்சள் தடவி, அவர் பெயர் எழுதி. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் பத்திரிகை வைக்கக் கிளம்பிய சுற்றில்தான் அவர் ஊரும் வந்தது என்பது உண்மை. பத்திரிகை என்ற சாக்கு இருந்ததால்தான் வாசல்படி ஏறவே தைரியம் வந்தது என்பதும் உண்மை. எது முந்தியது என்று எந்தக் கோட்பாடும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது: அதை வெளியே எடுத்தால், கேட்ட மன்னிப்பு பத்திரிகைக்கு முன்னுரையாகிவிடும்.

“டிபன் பாக்ஸுண்ணே,” என்றேன்.

பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் முழங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டு, “செரி, அப்ப நம்புறேன்,” என்றார்.