மஞ்சள் படிந்த பிடியரிசி

எங்கள் வீட்டில் அரிசி அளந்தது பால் டின்னால். அளந்து முறத்தில் கொட்டியதும் அம்மா அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புக்கு மேலே பலகையில் இருந்த சதுர பிஸ்கட் டின்னில் போடுவார். உதடு அசையும். என்ன ஜெபம் என்று காதில் விழாது. அதற்குப் பிறகுதான் அரிசி களைவது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த டின் எங்கள் வேதக் கோயிலுக்குப் போகும். சபைப் பெண்கள் எல்லோருடைய பிடியரிசியும் ஒரே சாக்கில் சேர்ந்து, இல்லாத வீடுகளுக்குப் போகும்.

அம்மா தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருந்தபோது, மரவள்ளிக் கிழங்கை வில்லைகளாக நறுக்கிக் காயவைத்து, அதிலிருந்து ஒரு பிடியை டின்னில் போட்டாராம். யுத்தம் முடிந்த கொஞ்ச நாளில் அப்பா இறந்துவிட்டார். அதன்பின் சொந்தபந்தம் முழுவதும் அம்மாவைத்தான் கேட்டு நடந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஜாலான் புசார் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் மேல்மாடிக்கு யார் ஏறி வந்தாலும் ஆட்டுக்கறிக் குழம்பு இருக்கும். யாருக்குப் பெண் பார்ப்பது, எந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதையெல்லாம் அம்மா பரிமாறிக்கொண்டே முடிவு செய்துவிடுவார்.

அவரைக் கேட்காமல் முடிந்த ஒரே கல்யாணம் என் தம்பியுடையது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவன், சிராங்கூன் ரோட்டில் மஞ்சள், குங்குமம், மளிகை விற்ற ஓர் இந்துக் கடைக்காரரின் மகளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அழைத்துவந்தான். அம்மா சத்தம் போடவில்லை. "வந்தவ சாப்பிடட்டும்" என்று தட்டு வைத்தார். சீக்கிரமே சமையல் முழுவதும் அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது. மீன் குழம்பு அம்மாவுடையதைவிட நன்றாக இருந்தது என்று தம்பி சத்தமாகவே சொன்னான். அம்மா மறுக்கவில்லை.

ஆனால் பிஸ்கட் டின்னை மட்டும் விடவில்லை. மருமகள் அரிசி அளந்ததும் அம்மா எங்கிருந்தாலும் எழுந்து வருவார். ஒரு பிடி எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போவார். அதுவரை அவள் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் துணி காயப்போடும்போது என்னிடம் கேட்டாள்.

"அக்கா, சோறு நான் ஆக்கினா அத்தை சாப்பிடுறாங்க. அந்த ஒரு பிடியை மட்டும் என் கை தொடக் கூடாதா? நான் இந்த வீட்டு ஆள்தானா, இல்லையா?"

அம்மாவிடம் அதைக் கேட்கும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஒரு மழை நாளில் தேக்கா மார்க்கெட்டிலிருந்து வரும்போது, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையின் ஓரத்தில் வழுக்கி விழுந்து அம்மா கணுக்காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் இருக்க வேண்டும் என்றார்கள். கட்டுப் போட்டு அங்கே கட்டிலில் படுக்கவைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அரிசி யார் போடுறது?" என்பதுதான்.

"நான் விடிஞ்சதும் பாடம் நடத்த ஸ்கூலுக்குப் போயிடுறேன்மா. சமைக்கிறது அவதான். அவளே போடட்டுமே."

அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "போடச் சொல்லு. மறக்கக் கூடாது."

நான் வந்து சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆனால் அன்றைய ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

அம்மா வீடு திரும்பியது ஒரு சனிக்கிழமை. மறுநாள் அரிசி கொண்டுபோகும் ஞாயிறு. கைத்தடியை ஊன்றி நேராக அடுப்படிக்குப் போய் டின்னை இறக்கச் சொன்னார். மூடியைத் திறந்தேன். உள்ளே விளிம்புவரை அரிசி, பளீரென்ற மஞ்சள் நிறத்தில்.

தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, நாளைக்குக் கோயிலுக்கு அட்சதை போகுது! யாருக்குக் கல்யாணம்னு ஐயர் கேக்கப்போறார்லா!" எங்கள் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

"நீ சும்மா இரு" என்றேன்.

அவன் மனைவியின் முகம் வெளிறிவிட்டது. "சாமிக்குப் போற அரிசின்னு அக்கா சொன்னாங்க. எங்க வீட்டுல சாமி காரியத்துக்கு வெறும் அரிசி எடுக்க மாட்டோம், அத்தை. அப்பா கடையிலேருந்து நல்ல மஞ்சளா வாங்கிட்டு வந்து, தினமும் போடுறப்பவே கலந்து வெச்சேன்."

நான் இடையில் புகுந்தேன். "ஒண்ணும் பிரச்சினை இல்ல. கீழே போய் புது அரிசி வாங்கிட்டு வந்துடுறேன். இதை நாம சமைச்சிக்கலாம்."

"கடையில வாங்கி நிரப்புறதுக்குப் பேரு பிடியரிசியா?" என்றார் அம்மா. விரலால் அரிசியைக் கிளறினார், முகர்ந்து பார்த்தார். "தினமும் போட்டிருக்கா. மூடு அதை."

மறுநாள் காலை மூன்று சக்கர ரிக்‌ஷாவை வரவழைத்தார். மருமகளைப் பார்த்து, "நீயும் கிளம்பு. டின்னை யார் தூக்குறது?" என்றார். அவள் கண்ணாடி முன்னால் நின்று, நெற்றிப் பொட்டின் மேல் கை வைத்தபடி தயங்கினாள்.

"அத்தை, இதை எடுத்துடணுமா?"

"அது உன் இஷ்டம். டின்னைச் சாய்க்காமப் புடி, அது போதும்."

பொட்டோடுதான் வந்தாள். பெண்கள் பக்கம் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில், முந்தானையால் முக்காடிட்டு உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்து அரிசி கொட்டும் நேரம் வந்தது. வெள்ளை அரிசியின் மேல் எங்கள் மஞ்சள் அரிசி சரிந்து விழுந்ததும், சாக்கைச் சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அரிசி வாங்கும் பொறுப்பில் இருந்த அம்மாள் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, மஞ்சள்?"

அம்மா கைத்தடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மஞ்சள் போட்டா வண்டு வராது. இவ என் மருமக, மளிகைக் கடைக்காரர் மக. இதெல்லாம் இவங்களுக்குத் தெரியும்."

"அட, ஆமா! போன மாசம் சாக்கைப் பிரிச்சா பூரா வண்டு. வீடு வீடாப் போய் புடைச்சுக் குடுத்தோம்லா." அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எவ்வளவு போடணும்?"

அவள் பதில் சொல்லத் தொடங்க, சுற்றி நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள். அம்மா ஓரமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ரிக்‌ஷாக்காரர் காத்திருப்பதாக நான்தான் போய் அழைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் அன்று வழக்கம்போல் உறவினர்கள் கூடியிருந்தார்கள். மருமகள் பெரிய முறத்தில் அரிசி அளந்து கொட்டினாள். பழக்கத்தில் கையை எடுத்துக்கொண்டு, காத்து நின்றாள். அம்மா ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு எழாமலே இருந்தார்.

"என்னை ஏன் பாக்குறே? உலை கொதிக்குது."

அவள் ஒரு பிடி எடுத்து, காலியாக இருந்த டின்னில் போட்டாள். பிறகு திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"மஞ்சள், அத்தை?"

"போடு. ஆனா கொஞ்சமாப் போடு. போன தடவை ரொம்ப ஜாஸ்தி."