கழுவாமல் விட்ட கால்

வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்ற பிறகு நாங்கள் ஈப்போ டவுனுக்குக் குடிவந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் வேலை. எந்நேரமும் சிலிப்பர்தான். கால் இரண்டும் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளைத் தூசி அப்பிக் கிடக்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர் என்று கோயிலில் அறிவித்தார்கள். அன்றோடு மனிதரின் நடையே மாறிவிட்டது.

"இத்தனை ஆம்பளைங்க இருக்க, ஃபாதர் ஏன் என்னைக் கூப்பிட்டாரு? பணிவு. அது மூஞ்சியிலயே தெரியும்லா" என்றார்.

முகம் சரி, கால்? தினமும் வேலை முடிந்து வந்ததும் தேங்காய் நாரும் புளியுமாகக் குளியலறையில் உட்கார்ந்துவிடுவார்.

"என்னங்க, அது பித்தளைக் குடமா? குழம்புக்குப் புளி வேணும்."

"ஃபாதர் முத்தம் கொடுக்கப்போற காலு. நீ சும்மா இரு."

அடுத்து ஒத்திகை. நான்தான் ஃபாதர். தண்ணீர் பேசினோடு அடுப்படியில் மண்டியிட வேண்டும். ஆண்டவர் கழுவ வந்தபோது பேதுரு முதலில் மறுத்தாரே, அதுபோல இவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, தனக்குத் தகுதியில்லை என்பார். நான் கெஞ்ச வேண்டும். அதற்குப் பிறகுதான் கண் கலங்கக் காலை நீட்டுவார்.

"இன்னும் கொஞ்சம் கெஞ்சு லா."

"சோறு பொங்குது. நீட்டுறீங்களா, இல்லையா?"

அந்த வியாழன் வந்தது. பீடத்துக்கு முன்னால் நாற்காலிகள். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் தூசி படாமல் போட்டு வந்த சப்பாத்தையும் காலுறையையும் மெதுவாகக் கழற்றினார். கால் அப்படியே மின்னியது.

ஃபாதர் இவர் முன்னால் மண்டியிட்டார். இவர் காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் ஃபாதர். நான் பாவி. இந்தக் காலுக்கு அந்தத் தகுதி இல்ல."

ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க" என்று தலையசைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

இவருடைய கால் தானாக வெளியே வந்தது. கட்டைவிரல்கூட ஃபாதர் பக்கம் கொஞ்சம் திரும்பியது. அவரோ அடுத்த ஆளின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினேன். ஆண்டவரின் பாடுகளை நினைத்து அழுகிறேன் என்று பக்கத்திலிருந்த அக்கா தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

பூசை முடிந்ததும் வாசலில் கூட்டம் இவரைச் சூழ்ந்துகொண்டது.

"அண்ணே, என்னா தாழ்மை! எங்களுக்குக் காலை நீட்டத்தான் தெரிஞ்சிச்சு."

இவர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்ளத்தான் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, காது சிவந்துவிட்டது.

"அட போங்கப்பா. புளி போட்டுத் தேய்ச்சு வச்ச காலு இது. ஃபாதர் கெஞ்சுவாருன்னு நெனச்சேன். அவரு போயிட்டாரு!"

வாசலே சிரித்தது. பின்னால் நின்ற ஃபாதர், "ஐயோ, வற்புறுத்தக் கூடாதுன்னுல விட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் இவரும் சிரித்தார்.

மோட்டார் சைக்கிளில் அவர் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினேன். மனம் நொந்துவிட்டாரோ என்று தோளைத் தொட்டேன்.

"கவனிச்சியா?" என்றார். "அத்தனை பேரு முன்னால அப்படி ஒத்துக்கிறதுக்கு எத்தனை பேருக்கு மனசு வரும்?"

முதுகில் நன்றாகக் கிள்ளினேன்.